கல்லில் நின்ற தகப்பன் பெயர்

யூதக் குடும்ப வரலாற்று ஆய்வில் எபிரேய எழுத்தைப் படித்தறிதல்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்வெட்டும் சுவடியும் படிக்கிற துறையில் எபிரேயக் கல்லறைக் கற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தொடர்பு கொல்லத்தில் இருக்கிறது. 849ஆம் ஆண்டளவில் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏட்டின் வாசகம் வட்டெழுத்தில் இருக்கிறது. கடைசியில் வணிகர்கள் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். சிலர் கூஃபி அரபியில், சிலர் பஹ்லவியில், சிலர் எபிரேய எழுத்தில். அந்த எபிரேயக் கையொப்பங்களை எழுத்துக் கூட்டிப் படித்தால் வருவது எபிரேய மொழி அன்று, பாரசீகம். நம் பக்கத்துக் கடற்கரையில் கிடைத்த எபிரேய எழுத்துகளில் மிகப் பழையவை இவை. ஆய்வாளர் கற்க வேண்டிய முதல் பாடமும் இவற்றிலேயே இருக்கிறது.

எழுத்து வேறு, மொழி வேறு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு எழுத்தில் தமிழை எழுதிவைத்த அரபுத்தமிழ் மரபை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யூதர்கள் குடியேறிய ஊரின் மொழியையோ, முன்பு வாழ்ந்த நாட்டிலிருந்து கொண்டுவந்த மொழியையோ பேசினார்கள். அதைத் தங்கள் 22 எழுத்துகளில் எழுதினார்கள். கிழக்கு ஐரோப்பாவில் யித்திஷ், சலோனிகாவிலும் இஸ்தான்புல்லிலும் லாதினோ, பாக்தாதிலும் கெய்ரோவிலும் யூத அரபு, ஈரானில் யூதப் பாரசீகம். ஆகவே ஒரு பழைய காகிதம் கையில் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி, 'இதில் என்ன எழுதியிருக்கிறது' என்பதன்று. 'இது எந்த மொழி' என்பது. ஓர் எளிய அடையாளம் உண்டு. எபிரேய மொழியில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். யித்திஷில் எழுதியாக வேண்டும். ஆலெஃப், அயின் என்ற எழுத்துகளையே உயிர்களாக வைத்துக்கொள்வார்கள். ஒரு வரியில் அயின் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் யித்திஷ். மரப்பெட்டியில் கிடைத்த தாத்தாவின் கடிதத்தை எபிரேயம் தெரிந்தவரிடம் கொடுத்து, அவர் 'ஒன்றும் புரியவில்லை' என்று திருப்பித் தந்ததும் ஆசையைக் கைவிட்ட குடும்பங்கள் பல. கடிதத்தில் குற்றமில்லை. ஆள் மாறிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. யூதர்களைப் பற்றி அரசுகள் எழுதியவை போலந்து மொழியிலும் ருஷ்ய மொழியிலும் ஜெர்மனிலும் இருக்கின்றன. யூதர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை எபிரேய எழுத்தில் இருக்கின்றன. முதலாவதை மட்டும் படிக்கிறவருக்கு ஒரு தலைமுறை குறைவாகவே கிடைக்கும். காரணம், குடும்பப் பெயர் என்பதே அந்த மக்களுக்குப் பிந்தி வந்தது. ஆஸ்திரியப் பேரரசில் இரண்டாம் ஜோசஃப் 1787இல் அதைக் கட்டாயமாக்கினார். ருஷ்யாவில் 1804, பிரான்சில் நெப்போலியன் காலத்தில் 1808, பிரஷ்யாவில் 1812, போலந்து முடியரசில் 1821. அதற்கு முன் ஒருவர் இன்னாரின் மகன் இன்னார், அவ்வளவுதான். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகச் சுமக்கிற நமக்கு இந்த முறை அந்நியமே இல்லை. குடும்பப் பெயர் வந்த பிறகும் அதை அரசு அலுவலகத்துக்கு உரியதாகவே அவர்கள் வைத்துக்கொண்டார்கள். தொழுகைக்கூடத்தில் வேதம் வாசிக்க அழைக்கும்போதும், மணவோலையிலும், கல்லறைக் கல்லிலும் பழைய முறையே நீடித்தது. அதனால்தான் 1900ஐ ஒட்டிய ஆயிரக்கணக்கான கற்களில் குடும்பப் பெயரே இல்லை. தகப்பன் பெயர் தவறாமல் இருக்கிறது. நியூயார்க்கில் இறந்த ஒருவரின் அரசுச் சான்றிதழில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று இருக்கும். அவருடைய கல்லின் எபிரேய வரியில் அந்தப் பெயர் வெயிலிலும் பனியிலும் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு கல்லைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம். இது ஒரு குறிப்பிட்ட மனிதருடைய கல் அன்று. வழக்கமான வாசகங்களைக் கொண்டு இந்த உரைக்காக நான் அமைத்த மாதிரி. உக்ரைனில், அன்றைய ருஷ்யப் பேரரசில், ஒரு சிறு நகரத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

கல்லின் உச்சியில் ஒரு கெண்டி செதுக்கியிருக்கிறது. அதன் கீழே பெரிதாக இரண்டு எழுத்து: பே, நூன். 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்' என்பதன் சுருக்கம் இது. அடுத்த வரி, நேர்மையும் செம்மையும் உடையவர் என்கிறது. மூன்றாம் வரியில் ஒரு ரேஷ், அதன் தலையில் ஒரு சிறு கோடு, பிறகு ஸ்வி ஹிர்ஷ் என்ற பெயர். நான்காம் வரியில் பேத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இரட்டைக் கோடு, பிறகு யெஹூதா லெய்ப் ஹ-லேவி. ஐந்தாம் வரி, காலமான நாள்: தெத், ஸயின், மாதம் மர்ஹெஷ்வான். ஆறாம் வரி: தாவ், ரேஷ், ஸாமெக், கிமெல். கடைசியில் தாவ், நூன், ஸாதி, பேத், ஹே என்ற ஐந்து எழுத்து. அவருடைய உயிர் வாழ்வோரின் முடிச்சில் கட்டுண்டிருக்கட்டும் என்று சாமுவேல் நூலிலிருந்து எடுத்த வேண்டுதலின் தலையெழுத்துகள் அவை. பே-நூனில் தொடங்கி இந்த ஐந்தெழுத்தில் முடியும் கற்களை ஐரோப்பா முழுவதும் காணலாம். இந்த இரண்டையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் போதும், கல்லில் எது தொடக்கம், எது முடிவு என்பது தெரிந்துவிடும். நடுவில் இருப்பவைதான் ஆளைப் பற்றியவை.

ரேஷ் எழுத்தின் தலையில் இருக்கும் சிறு கோட்டில் பலர் இடறுகிறார்கள். அது 'ரெப்' என்ற மரியாதை அடைமொழி. நாம் பெயருக்கு முன் 'திரு' போடுகிற மாதிரி மணமான ஆண்கள் எல்லோருக்கும் போட்டார்கள். அதை ரப்பி என்று படித்துவிட்டு, எங்கள் பூட்டனார் பெரிய மதகுரு என்று எழுதிவைத்த வம்சாவளிகள் ஏராளம். மெய்யாகவே ரப்பியாக இருந்தவருக்கு 'ஹ-ரவ்' என்றோ, அதைவிட நீண்ட பட்டங்களோ கல்லில் இருக்கும். அடுத்த வரியின் பேத்-ரேஷ், 'ரெப் இன்னாரின் மகன்' என்பது. பெண்ணானால் 'பத்' என்று வரும்.

தகப்பன் பெயருக்குப் பின் நிற்கும் 'ஹ-லேவி'யும் உச்சியில் இருக்கும் கெண்டியும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: இவர் லேவியர் குலம். ஆசாரியர்கள் ஆசி கூறுமுன் அவர்கள் கைகளுக்கு நீர் வார்ப்பது லேவியர் கடமை, அதனால் கெண்டி. ஆசாரிய மரபினரான கோஹென்களின் கல்லில் ஆசி கூறும் இரு கைகள் விரல் விரித்து நிற்கும். இரண்டு மரபும் தகப்பன் வழியில் மட்டுமே வரும். ஆய்வாளருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று பாருங்கள். ஒரே குடும்பப் பெயரும் ஒரே ஊரும் உள்ள இருவரை உடன்பிறந்தவர்கள் என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருவர் கல்லில் கெண்டி, மற்றவர் கல்லில் கைகள் என்றால் அவர்களுக்குத் தகப்பன் ஒருவராக இருக்க முடியாது. நூறு பக்க ஆவணம் தீர்க்காத ஐயத்தை அந்தச் சிற்பம் தீர்த்துவிடும். பெண்ணின் கல்லில் 'இன்ன கோஹெனின் மகள்' என்று இருந்தால் அது அவருடைய பிறந்த வீட்டைச் சொல்கிறது. புகுந்த வீடு எதுவாகவும் இருக்கலாம்.

இனித் தேதி. எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். ஆலெஃப் முதல் தெத் வரை 1 முதல் 9, யோத் 10, காஃப் 20 என்று ஏறி, கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400. நம் கல்லின் தெத்-ஸயின், 9உம் 7உம் சேர்ந்த 16. பத்தும் ஆறும் என்று நேராக எழுதினால் அது இறைவனின் பெயரை ஒட்டிய எழுத்துச் சேர்க்கையாகிவிடும். அதனால் 15ஐ 9+6 என்றும் 16ஐ 9+7 என்றும் எழுதுவது மரபு. ஆண்டு 400, 200, 60, 3: ஆக 663. ஆயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம். உலகத் தோற்றத்திலிருந்து எண்ணும் கணக்கில் இது 5663. எழுதப்பட்ட எண்ணோடு 1240ஐக் கூட்டினால் பொது ஆண்டு வரும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். கூட்டினால் 1903. ஆனால் இந்த மனிதர் இறந்தது 1902இல். யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் திஷ்ரி மாதத்தோடு பிறக்கிறது. 5663 பிறந்த நாள் 1902 அக்டோபர் 2. மர்ஹெஷ்வான் அதற்கு அடுத்த மாதம். ஆகவே அதன் 16ஆம் நாள் 1902 நவம்பர் 16.

அத்தோடும் முடியவில்லை. அந்த ஊரின் இறப்புப் பதிவேட்டைத் திறந்தால் நவம்பர் 3 என்று இருக்கும். ருஷ்யப் பேரரசு பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அது 13 நாள் பின்தங்கியிருந்தது. சில வேளை நவம்பர் 2 என்றும் இருக்கலாம். யூத நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. சனிக்கிழமை இருட்டிய பிறகு உயிர் பிரிந்திருந்தால் கல்லுக்கு 16 ஆகிவிடும், அரசு எழுத்தருக்கு அது இன்னும் முந்திய நாள்தான். நவம்பர் 16, நவம்பர் 3, நவம்பர் 2, இவற்றோடு அவசரத்தில் கணக்கிட்ட 1903. இந்த வேறுபாட்டைக் கண்டு 'இது நம் ஆள் இல்லை' என்று பதிவை ஒதுக்கிவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருக்கிறது. எல்லாத் தேதிகளும் ஒரே மரணத்தைத்தான் சொல்கின்றன.

தேய்ந்த கல்லில் எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்துப்போய்விடும். தாலெத்தின் வலது மூலையில் கூர் இருக்கும், ரேஷ் வளைந்து இறங்கும். ஹேயின் இடது கால் கூரையைத் தொடாது, ஹெத்தின் கால் தொடும். அந்தச் சிறு இடைவெளியில் பாசி படிந்தால் 5 என்பது 8 ஆகி, மரணம் மூன்றாண்டு தள்ளிப் போய்விடும். கிமெலும் நூனும், பேத்தும் காஃபும், வாவும் ஸயினும் இப்படியே. இங்கே கைகொடுப்பது எண்களின் வரிசை. பெரிய மதிப்பு முன்னால், சிறியது பின்னால் வரும். நம் கல்லின் கடைசி எழுத்தை நூன் என்று படித்தால் 60க்குப் பின் 50 வருகிறது. ஆண்டு எழுதுகிறவர் அப்படி எழுதமாட்டார். ஆகவே அது கிமெல், 3. ஆனால் இந்த விதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 5670ஆம் ஆண்டை வரிசைப்படி எழுதினால் கடைசி இரண்டு எழுத்தும் 'தீமை' என்று படிக்கும்படி அமைந்துவிடுகிறது. மக்கள் அதை விரும்பாமல் எழுத்துகளை இடம் மாற்றி எழுதினார்கள். 1983-84க்கு உரிய 5744இலும் அப்படியே; வரிசைப்படி எழுதினால் 'அழிவு' என்று பொருள்படுவதால் கடைசி இரண்டையும் மாற்றிப் போட்டார்கள். சில கற்களில் ஆண்டு தனியாகவே இராது. வேத வரி ஒன்றைச் செதுக்கி, அதில் சில எழுத்துகளின் தலையில் புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளி வைத்தவற்றை மட்டும் கூட்டினால் ஆண்டு கிடைக்கும். பழைய நூல்களின் முகப்புப் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு.

மாதங்களில் இரண்டு எச்சரிக்கை மட்டும். 19 ஆண்டுக்கு ஏழு முறை அதார் மாதம் இரண்டு முறை வரும்; எந்த அதார் என்று கல் சொல்லாவிட்டால் அது நெட்டாண்டா இல்லையா என்று பார்த்தே தீர வேண்டும். அடுத்தது, 'தம்முஸ் தலைநாளின் முதல் நாள்' என்று எழுதியிருந்தால் அது தம்முஸ் ஒன்றாம் தேதி அன்று; முந்தைய மாதமான ஸிவானின் 30ஆம் தேதி.

இந்த உரையில் நான் மிகவும் விரும்பிப் பேசும் பகுதி பெயர்கள். ஸ்வி என்றால் எபிரேயத்தில் மான். ஹிர்ஷ் என்றால் யித்திஷில் மான். தொழுகைக்கூடத்துக்கு ஒன்று, அடுப்படிக்கும் கடைத்தெருவுக்கும் மற்றொன்று. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. யெஹூதா லெய்பில் லெய்ப் என்பது சிங்கம். யாக்கோபு தன் மக்களுக்கு ஆசி கூறும்போது யூதாவைச் சிங்கக்குட்டி என்றதிலிருந்து வந்தது. பென்யாமினுக்கு ஓநாய், அதிலிருந்து ஸெஎவ் வுல்ஃப். தோவ் பேர் என்பதில் இரண்டு சொல்லும் கரடியே. இந்த இணைகள் தெரியாதவருக்கு என்ன ஆகிறது? நம் மனிதர் கல்லில் ஸ்வி. ருஷ்ய மொழியில் ஹகர ஒலி இல்லாததால் பதிவேட்டில் கிர்ஷ். போலந்து ஏட்டில் ஹெர்ஷ். அமெரிக்கா போன மகன் தன் குழந்தைக்கு அவர் பெயரை இட்டு, பள்ளியில் ஹாரி என்று சேர்க்கிறார். ஒலி ஒற்றுமையை வைத்துப் பெயர்களைத் தேடுவதற்காக 1985இல் தாய்ச்-மொகொடோஃப் குறியீட்டு முறையை வகுத்தார்கள். கிழக்கு ஐரோப்பியக் குடும்பப் பெயர்களுக்கு அது மிகப் பெரிய உதவி. ஆனால் ஸ்வியிலிருந்து ஹாரிக்கு ஒலிப் பாலம் கிடையாது. அந்தப் பாலத்தைப் போடுவது எபிரேய வரி மட்டுமே. இடுபெயர்களின் வரலாற்றுக்கு அலெக்சாண்டர் பைடர் 2001இல் வெளியிட்ட அகராதி இன்றும் முதன்மையானது.

ஜெர்மனியிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வேரூன்றிய அஷ்கெனாஸி யூதர்கள் இறந்தவர் பெயரைத்தான் குழந்தைக்கு இடுவார்கள். உயிரோடு இருக்கும் தாத்தாவின் பெயரை இடுவதில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த ஸெஃபார்திகள் உயிரோடு இருக்கும் தாத்தா பாட்டி பெயரையே இடுவது வழக்கம். ஆகவே ஓர் அஷ்கெனாஸிக் குடும்பத்தில் ஐந்தாண்டுக்குள் மூன்று பேரப்பிள்ளைகளுக்கு ஸ்வி ஹிர்ஷ் என்று பெயர் வந்தால், அந்த ஐந்தாண்டுக்குச் சற்று முன் ஒரு ஸ்வி ஹிர்ஷ் காலமாகியிருக்கிறார் என்று துணிந்து தேடலாம். நோய்வாய்ப்பட்டவருக்குப் புதுப் பெயர் சேர்க்கும் வழக்கமும் உண்டு. கிழவர் என்று பொருள்படும் 'ஆல்தெர்', உயிர் என்று பொருள்படும் 'ஹயிம்' ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். நோஞ்சான் குழந்தையைக் கிழவர் என்று கூப்பிட்டால் குழந்தையைத் தேடி வரும் மரண தூதன் ஏமாந்து போவான் என்று அந்தத் தாய்மார்கள் நம்பினார்கள். பிறப்புப் பதிவில் இல்லாத ஆல்தெர் கல்லில் முளைத்திருந்தால் பிழை என்று எண்ணாதீர்கள். அந்த வீட்டில் ஒரு குழந்தை சாவின் விளிம்புவரை போய் மீண்டிருக்கிறது.

சுருக்கெழுத்துகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், இன்றைக்குச் சிலவே. ஒரு சொல்லின் கடைசி எழுத்துக்கு முன் இரட்டைக் கோடு இருந்தால் அது சுருக்கம் அல்லது எண். தகப்பன் பெயருக்குப் பின் ஸயின்-லாமெத் இருந்தால் அவர் அப்போது உயிரோடு இல்லை. 'நினைவு ஆசியாகுக' என்று பொருள். 'அவர் விளக்கு ஒளிரட்டும்' என்பதன் சுருக்கம் இருந்தால் உயிரோடு இருந்தார். ஒரு கடிதத்தின் ஓரத்தில் இருக்கும் இரண்டெழுத்து, ஒருவரின் இறப்புக் காலத்தை முன்னும் பின்னும் வளைத்துக் காட்டிவிடுகிறது. ஹே-யோத்-தாலெத் இருந்தால், 'அவர் குருதிக்கு இறைவன் பழிவாங்குவானாக': அவர் கொல்லப்பட்டவர். குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்ட சுருக்கங்களும் உண்டு. காட்ஸ் என்பது 'கோஹென் ஸெதெக்', நீதியின் ஆசாரியன். ஸெகல் லேவியரைக் குறிக்கும் பட்டத்தின் சுருக்கம். ஷாட்ஸ் தொழுகையை நடத்துகிறவரைக் குறிக்கும் சுருக்கம். பெயர் சிதைந்த கல்லில் இன்னொரு வழியும் இருக்கலாம்: இரங்கற்பா இருந்தால் அதன் அடிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகக் கூட்டிப் பாருங்கள். இறந்தவரின் பெயரை அடிமுதல் எழுத்துகளாக அமைத்துப் பாடுவது அவர்கள் மரபு. நெற்றி வரி உடைந்து போயிருந்தும் வலது ஓரத்தில் பெயர் முழுசாக இருக்கும்.

கல்லில் இருப்பது சதுர எழுத்து. காகிதத்துக்கு வந்தால் அஷ்கெனாஸிக் கையெழுத்து வேறு. ஸெஃபார்திகளின் 'சொலித்ரேயோ' வேறு. ராஷி எழுத்து என்ற அச்சு வடிவம் வேறு. வேத உரையாசிரியரான ராஷி 1105இல் மறைந்தவர், அவர் அந்த எழுத்தில் எழுதவில்லை. 1475இல் இத்தாலியின் ரெஜ்ஜோவில் அவருடைய உரையை அச்சிட்டவர்கள் அந்த வடிவத்தைப் பயன்படுத்தியதால் பெயர் ஒட்டிக்கொண்டது. ருஷ்யப் பேரரசில் 1835 முதல் யூதர்களின் பிறப்பு, திருமணம், மணவிலக்கு, இறப்புகளுக்கு அரசு நியமித்த ரப்பி ஏடு வைக்க வேண்டியிருந்தது. இடப்பக்கம் ருஷ்யம், வலப்பக்கம் எபிரேயம். ஆண் குழந்தை என்றால் விருத்தசேதனம் செய்தவர் பெயர்கூட இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று இடப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நகர்வது பெரும் இழப்பு. ருஷ்யப் பக்கத்தில் கிர்ஷ் என்று ஒற்றையாய் இருப்பவர் எபிரேயப் பக்கத்தில் ஸ்வி ஹிர்ஷ் என்று முழுசாக இருப்பார். ஒரே ஊரில் நான்கு கிர்ஷ்கள் இருக்கும்போது அந்த முழுப் பெயர்தான் நம் ஆளைப் பிரித்துக் காட்டும்.

மணவோலையான கெதூபா அரமேய மொழியில் இருக்கும். மணமகளுக்கு எழுதிவைக்கும் தொகையைப் பாருங்கள்: முதல் திருமணமானால் 200 ஸூஸ், கைம்பெண்ணாகவோ மணவிலக்குப் பெற்றவராகவோ இருந்தால் 100. பெண்ணின் முதல் கணவரைப் பற்றி வீட்டில் யாரும் வாய்திறக்காத ஒரு குடும்பத்தில் அந்த 100 என்ற எண் பேசிவிடும்.

ப்ராகின் பழைய கல்லறைத் தோட்டத்தில் 1439இல் தொடங்கி 1787 வரையிலான சுமார் 12,000 கற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஜெர்மனியின் வோர்ம்ஸில் 11ஆம் நூற்றாண்டுக் கற்கள் நிற்கின்றன. எல்லா ஊருக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. நாஜிகள் போலந்திலும் உக்ரைனிலும் கற்களைப் பெயர்த்துச் சாலை போட்டார்கள், முற்றங்களுக்குத் தளம் பாவினார்கள். சலோனிகாவின் மாபெரும் கல்லறைத் தோட்டம் 1942 டிசம்பரில் அழிக்கப்பட்டது. இன்று அங்கே பல்கலைக்கழகம் நிற்கிறது. சாலையைத் தோண்டும்போதும் பழைய வீட்டை இடிக்கும்போதும் துண்டுகள் இன்றும் வெளிவருகின்றன. க்ராகோவின் ரெமூ கல்லறைத் தோட்டத்தில் அத்தகைய துண்டுகளைக் கொண்டே ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கையளவுத் துண்டில் ஒரு 'பத்', ஒரு தகப்பன் பெயரின் பாதி, தாவ்-ரேஷ் என்று ஆண்டின் தலை இருந்தால் போதும்: 1839க்கும் 1939க்கும் இடையில் மறைந்த ஒரு பெண் என்று சொல்லிவிடலாம். அந்தத் துண்டுக்கு முன் நிற்கிறவருக்கு இருபத்திரண்டு எழுத்து தெரிந்திருக்க வேண்டும். அது என் வேண்டுகோள் அல்ல, அங்கே கிடப்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

கல்லறையே இல்லாதவர்களுக்கு வேறு வகை எழுத்து இருக்கிறது. அழிக்கப்பட்ட ஊர்களிலிருந்து தப்பியவர்கள் சேர்ந்து எழுதிய 'யிஸ்கோர்' நினைவு நூல்கள் பெரும்பாலும் எபிரேயத்திலும் யித்திஷிலும் உள்ளன. அவற்றின் இறுதிப் பக்கங்கள் பெயர்ப் பட்டியல்கள். எருசலேமின் யாத் வஷெம் நிறுவனம் 1950கள் முதல் சாட்சியப் பக்கங்களைச் சேர்த்துவருகிறது. கொல்லப்பட்டவரின் பெயர், தாய் தந்தையர், ஊர், தொழில் ஆகியவற்றை உறவினரோ அறிந்தவரோ தம் கையால் நிரப்பியவை. 2004 முதல் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. பட்டியலில் தேடினால் அச்சான பெயர் மட்டும் வரும். பக்கத்தின் படத்தைத் திறந்தால் எழுதியவரின் கையெழுத்தும், தமக்கு இறந்தவர் என்ன உறவு என்று எபிரேயத்தில் எழுதிய வரியும் தெரியும். மருமகள், பக்கத்து வீட்டுக்காரர், ஒரே வகுப்பில் படித்தவர். அந்த ஒற்றைச் சொல் வழியாக உயிரோடிருக்கும் உறவுக்கிளையைக் கண்டடைந்த குடும்பங்கள் உண்டு.

நம் பக்கத்துக்கு வருகிறேன். கேரளத்துச் சேந்தமங்கலம் தொழுகைக்கூடத்தின் முன் நிற்கும் 'இஸ்ராயேலின் மகள் ஸாரா'வின் கல் 1269ஆம் ஆண்டுக்கு உரியது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையது. அங்கும் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர் இருக்கிறது. அதற்கும் முன், 1000ஆம் ஆண்டளவில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேஃப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு கொச்சியில் இருக்கிறது. வட்டெழுத்தில் அந்தப் பெயர் 'இஸ்ஸுப்பு இரப்பான்' ஆகியிருக்கிறது. 1950களில் இஸ்ரேலுக்குப் பெயர்ந்த கொச்சி யூதர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேர் தேடி வருகிறார்கள். எபிரேயக் கல்லும் வட்டெழுத்தும் மலையாளக் குடும்பப் பேச்சும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு விடை கிடைக்கும். மூன்றும் தெரிந்த ஆள் இந்த மாதிரி ஓர் அவையிலிருந்துதான் வர முடியும். சென்னையிலேயே 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வைரமும் பவளமும் வாங்கி விற்க வந்த ஸெஃபார்தி வணிகர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் ஜாக் தெ பைவா 1687இல் இங்கே காலமானார். லாயிட்ஸ் சாலையிலுள்ள சிறிய யூதக் கல்லறையில் சில கற்கள் மிஞ்சியிருக்கின்றன.

மாணவர்கள் அங்கே போக விரும்பினால் முதலில் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். கல்லில் சுண்ணாம்புக்கட்டி தேய்க்காதீர்கள், சவர நுரை பூசாதீர்கள், கம்பித் தூரிகை வேண்டாம். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. ஒருவர் கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் கொடுத்தால் தேய்ந்த கோடுகளும் நிழல் காட்டும். முன்பக்கத்தோடு நிறுத்தாமல் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். எபிரேயம் ஒரு பக்கமும் போர்த்துகீசியமோ ஆங்கிலமோ மறுபக்கமுமாக இருப்பதுண்டு. படம் தலைகீழா நேரா என்று ஐயம் வந்தால் லாமெத்தைத் தேடுங்கள். சதுர எழுத்தில் வரிக்கு மேலே கழுத்து நீட்டும் எழுத்து அது ஒன்றே. படித்ததை அப்படியே எழுத்துக்கு எழுத்து பெயர்த்து எழுதுங்கள். தெரியாத இடத்தில் ஊகிக்காமல் புள்ளி வையுங்கள். பொருள் எழுதுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.